நாலாம் தட்டில் வைத்தால் முதல் தட்டில் எட்டு கிராம்

1.

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. கம்பெனிக்கு நான் தர வேண்டிய பணம். இதையே முதல் வரியாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்ய எனக்கு நான்கு நாள் ஆனது. அதற்கு முன் எழுதி, பாதியில் விட்ட தொடக்கங்கள் இரண்டு:

மழை வரும் போலிருந்த ஒரு மாலையில், களைத்த உடம்போடு நான் —

(மழையெல்லாம் இல்லை. பகல் பதினொன்றரை மணி. களைப்பு மட்டும் உண்மை.)

மதிப்பிற்குரிய ஐயா, கீழே கையெழுத்திட்டுள்ள நான் —

இரண்டாவதுதான் நான் எழுத வேண்டியது. இது விளக்கக் கடிதமாகத் தொடங்கியது. "ஒரு பக்கத்துக்குள்ள எழுதிக் குடு" என்று கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக்குள் உண்மையை அடக்கிப் பார்த்தேன், ஏதோ ஒன்று வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. அதை உள்ளே தள்ளினால் வேறொன்று வெளியே வந்தது. அப்படித்தான் இவ்வளவு தாள் ஆகிவிட்டது.

நான் மின்தராசு செய்யும் பட்டறையில் எடைக்கல் தூக்குகிறவன். முடிந்து வருகிற மெஷின் மேல் இரும்புக் கல்லை வைத்து, சரியாகக் காட்டுகிறதா என்று சீட்டு எடுப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக. எழுதப் படிக்கக் கற்றது போன வருஷம், நாற்பத்தேழு வயதில். கற்றுக்கொடுத்தது வீட்டுக்காரி, சமையலறையில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில். இந்தத் தாள்களையும் அவள்தான் திருத்துகிறாள். அவள் பென்சிலில் எழுதியதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

(பென்சில்: எழுத்துப் பிழை மட்டும்தான் திருத்துவேன். புத்திப் பிழைக்கு நான் பொறுப்பில்லை.)

2.

மெஷினைச் சொல்கிறேன். ஒரே சட்டத்தில் வரிசையாக நான்கு தட்டு. பாக்கெட் போடும் கடைகளுக்கானது. நான்கு பையில் ஒரே நேரத்தில் சரக்கு விழும். சொன்ன எடை வந்ததும் அந்தத் தட்டுக்கு மேலே உள்ள வாய் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஒரு லோடு செல். அது விரல் நீள அலுமினியக் கட்டை. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவைத் துளி மின்சாரமாக மேலே சொல்லி அனுப்பும்.

இந்த மாடலில் இருபத்திரண்டு மெஷின் வெளியே போயிருந்தது. இருபத்து மூன்றாவதைச் சோதிக்கும் அன்று தள்ளுவண்டி லோடு ஏற்றப் போயிருந்தது. (தள்ளுவண்டிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்காதீர்கள். ஆறாம் பகுதியில் சொல்கிறேன். சொல்லியே ஆக வேண்டும்.) ஆகவே கையால் தூக்கினேன். இருபது கிலோ. மூன்றாம் தட்டுக்கு ஒரு முழம் மேலே வந்தபோது கை வழுக்கியது. கல் தட்டின் விளிம்பில் இடித்து, தரையில் விழுந்து, உருண்டு, என் செருப்பை ஒட்டி நின்றது.

கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'ரிஜெக்ட்' என்பதால் அவருக்கு ரிஜெக்ட் சார் என்று பெயர். அவர் முன்னால் வெறும் சார்.

"கால்ல ஒண்ணும் படலையே?"

"இல்ல சார்."

"நல்லவேளை. இப்ப மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம். ஒவ்வொரு தட்டா வச்சுக் காட்டு. மத்ததெல்லாம் காலியா இருக்கட்டும்."

மூன்றாம் தட்டில் கல்லை வைத்தேன். 19.992. பக்கத்தில் காலியாக இருந்த நான்காம் தட்டு 0.008 என்று காட்டியது. எட்டு கிராம்.

"பாத்தியா? சட்டம் வளைஞ்சிருச்சு. இங்க அமுக்குனா அங்க இழுக்குது."

"எட்டு கிராம்தானே சார்?"

"எட்டு கிராம்தானேவா? ஒரு பைக்கு எட்டு, ஒரு நாளைக்கு ஆயிரம் பை. உங்க வீட்லேர்ந்து அள்ளிக் கொட்டுவியா? ரிஜெக்ட்!"

லோடு செல் நான்கு, ஒன்று 3,160. சட்டம் 6,000. கூட்டினால் முதல் வரியில் உள்ள தொகை. மாதம் 1,165 வீதம் பதினாறு மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

3.

இந்தப் பகுதியை வீட்டுக்காரி எடுத்துவிடச் சொல்கிறாள். எடுக்கவில்லை.

"மொதமொதக் கையெழுத்துப் போட்டது கடன் பத்திரத்துலயா?"

"கட்டைவிரல் வச்சிருந்தாலும் கடன் கடன்தான்."

"அப்ப எதுக்கு எட்டு மாசம் என் உசுர வாங்கின? அந்த நேரத்துல நான் நாலு பாவாடை தச்சிருப்பேன்."

அதோடு விட்டுவிடவில்லை. மகளின் நர்ஸ் படிப்புக்கு மாதம் ஆயிரத்து இருநூறு கட்டுகிறோம். ஏறக்குறைய அதே தொகை இப்போது சம்பளத்திலிருந்து போகப் போகிறது. ஒன்று அவள் படிப்பை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இவள் இன்னும் இரண்டு மணி நேரம் தையல் மிஷினில் குனிய வேண்டும். இரண்டையும் அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பதினாறு மாசம்" என்று மட்டும் சொன்னாள்.

(பென்சில்: சத்தமாத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.)

4.

மறுநாள் சாப்பாட்டு நேரம். சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாகத் தள்ளியிருந்த அந்த மெஷினுக்கு நானாகவே மின்சாரம் போட்டேன். எவ்வளவு உடைத்திருக்கிறேன் என்று பார்க்க ஆசை. ஆசை என்பது சரியான சொல்லா தெரியவில்லை. புண்ணைத் தொட்டுப் பார்ப்போமே, அதுபோல.

முதல் தட்டில் வைத்தேன். இரண்டாவதில் எட்டு கிராம். இரண்டாவதில் வைத்தேன். மூன்றாவதில் எட்டு, முதலாவதில் ஒன்றுமில்லை. வளைந்த சட்டம் இரண்டு பக்கமும்தானே இழுக்க வேண்டும்? கடைசியாக நான்காவதில் வைத்தேன். அதற்கு அடுத்து தட்டே கிடையாது. எட்டு கிராம் எங்கே போகும் என்று பார்த்தால், நாலு அடி தள்ளி, அந்தக் கோடியில், முதல் தட்டில் நிற்கிறது. 0.008.

தட்டைத் துடைத்தேன். ஊதினேன். கல்லை எடுத்துத் திரும்ப வைத்தேன். அதே எட்டு.

மாடியில், மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளை வடிவமைக்கிற பொறியாளர் இருக்கிறார். நாங்கள் சர்க்யூட் மேடம் என்போம்.

"மேடம், ஒரு நிமிஷம் கீழ வர முடியுமா?"

"எந்த மெஷின்ணே?"

"நான் போட்டு ஒடச்சது."

"ஒடஞ்சதுக்கு ரிஜெக்ட் சார் இருக்காரே. நான் எதுக்கு?"

"ஒடஞ்ச மாதிரி நடந்துக்க மாட்டேங்குது மேடம்."

வந்தார். தட்டுகள் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மூன்று தடவை வைக்கச் சொன்னார். மூன்று தடவையும் நாலிலிருந்து ஒன்றுக்கு.

"சட்டம் வளைஞ்சா பக்கத்து வீட்டுக்குத்தான் சத்தம் கேக்கும். தெருக்கோடி வீட்டுக்கு எப்படிக் கேக்கும்?" என்றார். பிறகு எதையோ விரலில் எண்ணினார். "நாலுக்கு அப்புறம் ஒண்ணு. அண்ணே, இரும்புக்கு இந்த வரிசை தெரியாது. என் போர்டுக்குத்தான் தெரியும்."

பக்கத்திலிருந்த இருபத்து நான்காவது மெஷினைப் போடச் சொன்னார். யாரும் எதையும் போட்டு உடைக்காத மெஷின். அதிலும் அதே எட்டு கிராம், அதே வரிசையில்.

5.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பொறியாளரை நான் சரியாக எழுதுகிறேனா? தப்பு தன் போர்டில் என்று தெரிந்ததும் ஒருவர் முகம் எப்படிப் போகும்? "அவர் முகம் வாடியது" என்று எழுதினேன், அடித்தேன். வாடவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

(பென்சில்: இந்தப் பக்கத்துல எத்தனை மேடம்னு எண்ணிப் பாத்தியா? என் பேரு ஒரு தடவைகூட வரல.)

அவர் சொன்னதை அவர் வாயாலேயே எழுதுகிறேன். என் வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும்.

"உள்ள ஏ.டி.சி.ன்னு ஒண்ணு இருக்கு. வர்ற மின்சாரத்த நம்பரா மாத்துறது அதோட வேலை. நாலு தட்டுக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, மறுபடி ஒண்ணுன்னு சுத்திச் சுத்திக் கேக்கும். அது வயித்துல ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், மின்சாரத்தப் புடிச்சு வைக்கிற குடம் மாதிரி. எந்தத் தட்டக் கேக்குதோ, அந்தத் தட்டோட அளவுக்கு அது ரொம்பணும், இல்ல எறங்கணும்."

"யாரு ரொப்புறது?"

"ஆப்-ஆம்ப். தட்டுக்கு ஒண்ணு. லோடு செல் குடுக்குற துளியப் பெருசாக்கி ஏ.டி.சி. வாசல்ல நிறுத்துறது அதுதான். அதுக்குக் கெடைக்கிற நேரம் ரெண்டு மைக்ரோசெகண்டு. கண்ணிமைக்கிற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க. அதுக்குள்ள ரொப்பி முடிக்கணும். நான் போட்ட ஆப்-ஆம்புக்கு அவ்ளோ தெம்பு இல்ல. நாலாவதோட மிச்சம் வயித்துல இருக்கும்போதே ஒண்ணாவத அளந்துருது."

எனக்கு இது உடம்பால் புரிந்தது. தூக்குகிறவன் மெலிந்தவன், கேட்கிறவன் அவசரக்காரன். லாரிக்காரன் நின்றுகொண்டு ஹாரன் அடித்தால் நானும் ஒரு மூட்டையைப் பாதி தூரத்திலேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறேன்.

"தெம்பு இல்லாதத ஏன் மேடம் போட்டீங்க?"

"போன வருஷம் தெர்மாமீட்டருக்கு வாங்கினது டப்பா டப்பாவா இருந்துச்சு. அதுல ஏ.டி.சி. நிதானமா கேக்கும், இதுவும் நிதானமா குடுக்கும். ஒரு சண்டை இல்ல. இங்க வேகம் வேணும்னு ஏ.டி.சி.ய மாத்தினேன். ஆள மாத்தாம பாரத்த மட்டும் ஏத்திட்டேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் கையைப் பார்த்தார். தற்செயலாகத்தான் இருக்கும்.

லேப்டாப்பில் எதையோ தட்டி, அந்த இரண்டு மைக்ரோசெகண்டை இருபது ஆக்கினார். நான் நான்காம் தட்டில் கல்லை வைத்தேன். முதல் தட்டில் 0.000.

"அப்ப இப்படியே விட்டுரலாமே?"

"முடியாதுண்ணே. ஒரு எடைய முடிவு பண்ண ஆயிரக்கணக்கான தடவை கேட்டு சராசரி போடுது. எல்லாம் பத்து மடங்கு மெதுவானா, பை ரொம்பி வழிஞ்சப்புறம்தான் வாய் மூடும். தெம்பான ஆப்-ஆம்பாப் போடணும். ஏ.டி.சி. வாசல்ல ஒரு கெப்பாசிட்டரையும் வைக்கணும். கேட்டவுடனே மொத வாய் அதுலேர்ந்து எடுத்துக்கும். ஆனா அத நேரா ஆப்-ஆம்ப் தலையில கட்டுனா அது தள்ளாடும். அதனால நடுவுல ஒரு சின்ன ரெசிஸ்டர்."

மூன்று நாளில் ஒரு போர்டில் அதையெல்லாம் செய்துகொண்டு வந்தார். வேகம் குறையவில்லை. நான்கு தட்டும் தன் தன் கல்லை மட்டும் காட்டின. கல் விழுந்த மூன்றாம் தட்டும்தான்.

ரிஜெக்ட் சார் கடன் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "சரிப்பா, உன் மேல தப்பில்ல. ஆனா வாயால சொன்னா ஃபைல்ல ஒட்டுமா? என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடு. சனிக்கிழமை கடன அடிச்சுடறேன்."

கதை இங்கே முடிந்திருக்கலாம்.

6.

முடியாததற்குக் காரணம் மேடம் அன்று கேட்ட ஒரு கேள்வி.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல அண்ணே. போன இருபத்திரண்டும் எப்படிப் பாஸாச்சு? உங்க சீட்டெல்லாம் எங்கிட்ட இருக்கு. எல்லாத்துலயும் நாலு இருபது. ஒரு கிராம் பெசகல."

நான் துணியை எடுத்துக் கல்லைத் துடைத்தேன். அவரே சொல்லிக்கொண்டார்: "புது லாட்டுல வந்த ஆப்-ஆம்ப் மட்டும் இன்னும் சோப்ளாங்கியா இருக்கும் போல. சரி, இருபத்து மூணுலேர்ந்து மாத்திடறேன். வெளிய போனது நல்லாத்தானே இருக்கு?"

"ஆமா மேடம்" என்றேன்.

அந்த 'ஆமா'வை எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை தாள். இப்போது தள்ளுவண்டி.

சோதனை முறை சுவரில் ஒட்டியிருக்கிறது. ஐந்து, பத்து, இருபது கிலோ. ஒவ்வொரு தட்டிலும் தனித்தனியாக. ஏற்ற ஒரு தூக்கு, இறக்க ஒரு தூக்கு. மெஷினுக்கு இருபத்து நான்கு. எனக்கு இடுப்பில் இரண்டு எலும்புக்கு நடுவே ஜவ்வு தேய்ந்துபோயிருக்கிறது. ஆகவே ஒரு பலகை செய்தேன். அதில் நான்கு கொக்கி, நான்கிலும் இருபது கிலோ கல். அந்தப் பலகையை, பாரத்தைத் தூக்கி இறக்கும் அந்தத் தள்ளுவண்டியின் கைகளில் வைத்து, நெம்புகோலை மிதித்து இறக்கினால், நான்கு கல்லும் நான்கு தட்டில் ஒரே நேரத்தில் உட்காரும். கொக்கி, கல்லின் மேலுள்ள வளையத்தைத் தொடாமல் நிற்கும். ஒரு தூக்கும் இல்லை. சீட்டில் தட்டுக்கு ஒரு எண்தான் அச்சாகும், கடைசியாக வைக்கிற இருபது. மற்ற தட்டு காலியா, பாரமா என்று சீட்டு சொல்லாது.

நான்கிலும் இருபது என்றால், முந்தின தட்டின் மிச்சமும் இருபதுதான். இருபதுக்குள் இருபது ஒளிந்துகொள்ளும். வெளியே போன இருபத்திரண்டிலும் அந்த எட்டு கிராம் இருக்கிறது. நான் கல்லைப் போடாமல் இருந்திருந்தால் இருபத்து மூன்றாவதும் போயிருக்கும். கல் விழுந்ததால் கெட்டது என்று எல்லோரும் நினைத்தோம். விழுந்ததால்தான் ஒவ்வொன்றாக வைத்தோம்.

(இந்தப் பத்தியை "எழுத்தறியாத தொழிலாளி ஒருவன் அறியாமல் செய்த" என்று தொடங்கியிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.)

ஏனென்றால் எனக்குத் தெரியும். ஒன்பதாவது மெஷின் சமயத்தில், பலகையை இறக்கிவிட்டு எண் நிற்பதற்காகக் காத்திருந்தபோது, சுவரிலிருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "ஒரு தட்டில் எடை வைக்கும்போது மற்ற மூன்றும் காலியாக இருக்க வேண்டும்." முழு வாக்கியத்தையும் யார் உதவியும் இல்லாமல் படித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் அதை அப்படியே ஒப்பித்தேன். மறுநாள் பத்தாவது மெஷின் வந்தது. பலகையைத்தான் இறக்கினேன். முதல் எட்டு மெஷினுக்கு எனக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்லலாம். மீதிப் பதினாலுக்கு என்ன சொல்வது?

(பென்சில்: அன்னிக்கு நீ ஒப்பிச்சப்போ நானும் சிரிச்சேன். என்ன எழுதியிருக்குன்னு நானும் யோசிக்கல.)

7.

முடிவுகள்.

முடிவு ஒன்று. ஒரு பக்கக் கடிதம். கல் விழுந்தது, சட்டம் வளையவில்லை, ஆப்-ஆம்புக்குத் தெம்பில்லை. அத்தனையும் உண்மை. கடன் போகும், மகள் படிப்பாள். இருபத்திரண்டு கடைகளில் ஒரு பையில் எட்டு கிராம் கூடியோ குறைந்தோ போகும். கடைக்காரர் திட்டுவார், வாங்குகிறவர் திட்டுவார், யாருக்கும் காரணம் தெரியாது. செய்யாத தப்புக்குப் புது லாட் ஆப்-ஆம்ப் மாட்டிக்கொள்ளும்.

முடிவு இரண்டு. பலகையையும் சொல்லும் கடிதம். இருபத்திரண்டு மெஷினும் திரும்பி வரும். வண்டி வாடகை மட்டுமே என் கடனைத் தாண்டும். புதுப் பத்திரம் போடுவார்களோ, வீட்டுக்கு அனுப்புவார்களோ, தெரியாது.

மூன்றாவதாக ஒன்று யோசித்தேன். மேடம் தானாகவே கண்டுபிடிக்கிற மாதிரி. கதையில் அது சுலபம். பலகையை ஓரமாகச் சாய்த்து வைத்து, அவரை அந்தப் பக்கம் நடக்க விட்டால் போதும். இரண்டு நாள் அப்படித்தான் சாய்த்தும் வைத்தேன். அவர் தாண்டிப் போனார்.

"நீ எத எழுதப் போற?" என்றாள் வீட்டுக்காரி.

"நீ சொல்லு."

"நான் சொன்னா, நாளைக்கு என் தலைல போடுவ. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அவங்க உன்ன அண்ணேன்னு கூப்பிடறாங்கல்ல?"

"ஆமா."

"அன்னிக்கு அவங்ககிட்ட சொன்ன ஆமாவும் இந்த ஆமாவும் ஒண்ணா?"

(பென்சில்: இத நான் இவ்ளோ அழகா சொல்லல. ஆனா இருக்கட்டும்.)

8.

இந்தப் பகுதியைப் பட்டறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

இன்று சனிக்கிழமை. தாள்களை ரிஜெக்ட் சாரிடம் கொடுத்தேன். கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"என்னப்பா இது, பொண்ணு கல்யாணச் செலவுப் பட்டியலா?"

"விளக்கம் சார்."

"ஒரு பக்கம்னு சொன்னேனே." முதல் வரியை மட்டும் படித்தார். "தொகை சரியா இருக்கு. போதும்." பத்திரத்தை எடுத்து, குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். தேதி, சுருக்கொப்பம். "அடிச்சாச்சு. உனக்கும் கம்பெனிக்கும் ஒண்ணுமில்ல. இத மேடம் ட்ரேல போட்டுடு, அவங்க பாத்து ஃபைல் பண்ணட்டும்."

"சார், ஒரு பேனா குடுங்க. கொஞ்சம் விட்டுப்போச்சு."

"இன்னுமா? எழுது, எழுது."

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது இப்போது இல்லை. ஆறாம் பகுதியை ஒருவரும் படிக்காமலேயே போய்விட்டது. மாடியில் உங்கள் மேஜைக்கு முன்னால் நிற்கிறேன், மேடம். 'கேட்காதீர்கள்', 'மன்னிக்கவும்' என்று இவ்வளவு நேரம் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் கீழே இருபத்தைந்தாவது மெஷினில் இருக்கிறீர்கள். உங்கள் குரல் கேட்கிறது.

ஆறாம் பகுதி தனித் தாள்களில் இருக்கிறது. உருவி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். மீதிக் கதை நின்றுவிடும், ஏழில் வருவது என்ன பலகை என்று மட்டும் யாருக்கும் புரியாது. ஐந்துக்குப் பிறகு ஏழு வரும், அவ்வளவுதான். எழுத்தை இப்போதுதான் கற்றவன், எண்ணிக்கையில் தடுமாறிவிட்டான் என்று நினைத்துக்கொள்வீர்கள். உருவ வசதியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தும் விட்டேன். இருக்கிறது.

முடிவை நான் எழுதவில்லை. தாள்களைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு அடுத்து ஆறு இருந்தால், மேற்கொண்டு செய்ய வேண்டியது உங்கள் கையில். இருபத்திரண்டிலும் தனித்தனியாகக் கல் வைத்துப் பார்க்க ஆள் தேவைப்படும். கீழேதான் இருக்கிறேன், கூப்பிடுங்கள்.